பல்கலைக்கழக உள்ளரங்கம், செட்டிநாடு: ஷட்டிலுக்கு 4, கபடிக்கு 4, கச்சேரிக்கு 2

காலையில் ஷட்டில், சாயங்காலம் கபடி, அடுத்த வாரம் பட்டமளிப்பு, அதற்கடுத்த சனிக்கிழமை மெல்லிசை. செட்டிநாட்டில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிற்கிற இந்த உள்ளரங்கத்துக்கு ஓய்வென்பதே இல்லை. பெயர் இங்கே வேண்டாம். இதே அளவில், இதே தகரக் கூரையோடு கல்லூரிகள் தோறும் அரங்குகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் பாதி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

5-க்கு எத்தனை மதிப்பெண் என்று தலைப்பிலேயே போட்டுவிட்டோம். வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்றுதான்: இது விளையாட்டுக்காகக் கட்டிய கட்டடம். 'பல்நோக்கு' என்பது வாடகைப் படிவத்தில் ஏறிய சொல், கூரையிலும் சுவரிலும் ஏறவில்லை. போட்டி நடத்த வருகிறவர் சாவியை வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கலாம். கச்சேரி நடத்த வருகிறவர் தரை, ஒலி, மின்சாரம், கதவு நான்கையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால்தான் தப்பிப்பார்.

முதலில் அளவு. ஆடுதளம் 45 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். உயரம் ஓரச் சுவரில் 10 மீட்டர், நடு முகட்டில் 13. கூரையைத் தாங்கும் டிரஸ் கம்பிகளின் அடிப்பாகம் எங்கும் 9 மீட்டருக்குக் கீழே வரவில்லை. பூப்பந்தில் தூக்கி அடிக்கும் ஷட்டிலுக்கு இந்த 9 மீட்டர் போதும். பெரிய பன்னாட்டுப் போட்டிகளுக்கு 12 கேட்பார்கள். கைப்பந்துக்கு 7 மீட்டர் தடையற்ற உயரம் விதி, கூடைப்பந்துக்கும் அதே 7. ஆக உயரத்தில் குறை சொல்ல முடியாது.

ஒரு பூப்பந்துக் களம் 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். களத்தைச் சுற்றி 2 மீட்டர் விட்டால் இங்கே வரிசைக்கு மூன்று வீதம் இரண்டு வரிசை, மொத்தம் ஆறு களம் தாராளமாக உட்காரும். கூடைப்பந்துக் களம் 28 மீட்டருக்கு 15, நடுவில் ஒன்று. கைப்பந்து 18-க்கு 9, சுற்றிலும் 3 மீட்டர். எல்லாக் கோடுகளையும் ஒரே தரையில் வெவ்வேறு நிறத்தில் போட்டிருக்கிறார்கள். கூடைப்பந்துக் கோடு அகலமான வெள்ளை, கைப்பந்து மஞ்சள், பூப்பந்து பச்சை. ஆடி அனுபவம் உள்ளவருக்குப் பழகிவிடும். முதல் முறை வரும் பள்ளிப் பிள்ளைகள் தவறான கோட்டைப் பார்த்து ஷட்டிலை விட்டுவிடுவார்கள். பள்ளிப் போட்டி என்றால் தரைக் கோட்டை நம்பாமல் பூப்பந்து மேட் விரிப்பது நல்லது. மேட்டில் ஒரே கோடுதான் இருக்கும், வம்பில்லை.

தரை மரம். மேப்பிள் பலகை, கீழே சட்டம், சட்டத்துக்கடியில் ரப்பர் திண்டு. குதித்து இறங்கினால் முழங்கால் நன்றி சொல்லும். செட்டிநாட்டுக்காரர்களுக்கு மரத்தின் குணம் தெரியாததல்ல. பர்மாத் தேக்குத் தூண் நூறு வருஷம் அசையாமல் நிற்கிறது. ஆனால் தூண் நிற்கிற வாழ்வு வேறு, தரைப்பலகை கிடக்கிற வாழ்வு வேறு. பலகை காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து அகலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவு மாறாது. அதனால்தான் சுவரோரம் நாலு விரற்கடை இடைவெளி விட்டு, அதன் மேல் ரப்பர் விளிம்பு அடித்திருக்கிறார்கள். அந்த இடைவெளியைக் குப்பை விழுகிறதென்று சிமென்ட் வைத்து அடைத்துவிட்ட அரங்குகளும் உண்டு. அங்கே ஐப்பசி மழையில் பலகைக்கு ஊத இடமில்லாமல் நடுவில் மேடு தட்டும். இங்கே அந்தத் தவறு நடக்கவில்லை.

நடக்கிற தவறு துடைப்பில் இருக்கிறது. ஈரத் துணியில் பினாயில் நனைத்துத் தேய்ப்பது மொசைக் தரைக்கு, ஆத்தங்குடிக் கல்லுக்குச் சரி. இந்தத் தரைக்கு எமன். நீர் பலகை இடுக்கில் இறங்கி அடிப்பக்கம் ஊதவைக்கும், மேற்பக்கம் காய்ந்துவிடும், பலகையின் இரு ஓரமும் தூக்கி நடுப்பகுதி குழியும். விரல் நுனியால் குறுக்கே தடவினால் தெரியும். வடக்கு வாசலுக்கு எதிரே மூன்று நான்கு வரிசைப் பலகை அப்படித்தான் இருக்கிறது. அகலமான உலர்ந்த மைக்ரோஃபைபர் மாப்பால் தூசியை ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போவதுதான் முறை. வியர்வை சிந்திய இடத்தை மட்டும் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கலாம்.

தூசி என்றால் இந்தப் பக்கம் செம்மண். காலணியில் ஒட்டி வருகிற செம்மண்ணில் இருக்கும் மணற்பருக்கை, வார்னிஷ் மேல் உப்புத்தாள் போல வேலை செய்யும். வாசலில் ஒரே ஒரு தேங்காய் நார் மிதியடி கிடக்கிறது. அது போதாது. படிக்கு வெளியே முரட்டு மிதியடி, உள்ளே நார், அதற்குப் பிறகு துணி என்று மூன்று கட்டமாக, ஒவ்வொன்றிலும் இரண்டு எட்டு வைக்கிற நீளத்துக்கு இருந்தால்தான் மண் தங்கும். தடம் பதிக்காத அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிறவரைக் காவலர் தடுப்பதில்லை. ஷூவைக் கையில் கொண்டுவந்து உள்ளே மாற்றவேண்டும் என்பதுதான் அந்த விதியின் பொருள்.

ஷட்டில் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு சொல். ஒன்று, காற்று. கூரையில் சுழல் காற்றுப்போக்கிகள், பக்கச் சுவர் உச்சியில் சாய்தகடு ஜன்னல்கள், நடுவில் 7 மீட்டர் விட்டத்தில் மெதுவாகச் சுற்றும் ராட்சத மின்விசிறி. சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் ஆட முடியாது. விசிறியோடும் ஆட முடியாது. ஷட்டிலின் எடை 5 கிராம் சுற்றுவட்டாரம்தான், சிறு காற்றுக்கும் விலகும். ஆட்டத்துக்கு இடையில் விசிறியைப் போட்டு, ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் முன்பே நிறுத்திவிடுங்கள். பெரிய விசிறி நின்ற பிறகும் காற்று உடனே அடங்காது. மேற்குப் பக்க ஜன்னல்கள் திறந்திருந்தால் சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் ஓரக் களங்கள் இரண்டிலும் ஷட்டில் ஒரே பக்கம் சாயும். நடத்துநர் அதைத் தெரிந்து முக்கிய ஆட்டங்களை நடுக் களங்களில் வைக்கவேண்டும்.

இரண்டு, வேகம். வெப்பக் காற்று லேசானது, ஷட்டிலுக்குத் தடை குறைவு, அதனால் தூரம் போகும். இறகு ஷட்டில் டப்பாவில் 75 முதல் 79 வரை வேக எண் இருக்கும். குளிரான ஊரிலிருந்து வரும் குழு, பழக்கத்தில் 77 எடுத்து வந்தால் இங்கே கோடை மதியத்தில் கடைசிக் கோட்டைத் தாண்டும். 75, 76 இரண்டையும் வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். கடைசிக் கோட்டில் நின்று கீழிருந்து முழு வீச்சில் அடித்தால் எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு முன்னால் 53 முதல் 99 சென்டிமீட்டருக்குள் விழவேண்டும். நைலான் ஷட்டில் என்றால் பச்சைப் பட்டை மெதுவானது, அதுதான் இங்கே சரி.

விளக்கு நன்றாக இருக்கிறது. எல்.இ.டி. விளக்குகளைக் களத்துக்கு நேர் மேலே மாட்டாமல், களங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு மேலே வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசாது. யோசித்துச் செய்த வேலை. சுவருக்கு வெள்ளை அடித்ததுதான் யோசிக்காமல் செய்தது. வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளை ஷட்டில் கரைந்துபோகும். கடைசிக் கோட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இருமடங்காவது கரும்பச்சையோ கருநீலமோ அடித்தால் பிரச்சினை தீரும். அதுவரை போட்டி நடத்துபவர்கள் இரண்டு முனையிலும் அடர்நிறத் திரை கட்டிக்கொள்ளலாம். போட்டியை வீடியோ எடுப்பவர்கள் கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வேறு வேகத்தில் சில விளக்குகளுக்குக் கீழே படத்தில் கோடு கோடாக ஓடும்.

டிரஸ்ஸில் புறா. சுழல் போக்கியின் அடிவாய்க்கும் ஜன்னல் தகடுகளுக்கும் வலை அடிக்காமல் விட்டதன் பலன். எச்சம் விழுந்த இடத்தைக் கவனிக்காமல் மிதித்தால் வழுக்கும். ஆட்டம் தொடங்குமுன் ஒரு பையனைத் தரை முழுக்க ஒரு சுற்று நடக்கச் சொல்வது வழக்கமாக வேண்டும்.

கபடிக்கு இந்த அரங்கம் அருமை. சிவகங்கைச் சீமையில் ஊர்த் திருவிழாக் கபடி மண்ணில் நடப்பதுதான் அழகு, மறுக்கவில்லை; பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிக்கு மேட் வேண்டும். ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர், பெண்கள் களம் 12-க்கு 8. ஓரத்துப் பற்களால் ஒன்றோடொன்று கோக்கும் ஒரு மீட்டர் சதுர மேட் துண்டுகள் ஆண்கள் களத்துக்கு மட்டும் 130 தேவை. சுற்றிலும் ஒரு வரிசை பாதுகாப்புக்கு விட்டால் 15-க்கு 12, ஆக 180. கையிருப்பில் இருக்கிறதென்று சொல்லும் எண்ணிக்கையை நம்பாமல், முதல் நாளே பல் உடையாத துண்டுகளை மட்டும் எண்ணுங்கள். பல் உடைந்த துண்டு நடுவில் சிக்கினால், தொடுபவன் பின்காலை இழுத்துத் திரும்பும்போது இடுக்கு விரிந்து கட்டைவிரல் மாட்டும். உடைந்தவற்றை ஓர வரிசைக்குத் தள்ளுங்கள். விரிக்கும்போது நடுக்கோட்டிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போகவேண்டும். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் துண்டுக்குத் துண்டு சேரும் சிறு பிசகு மறுமூலையில் இரண்டு மூன்று விரலாகிவிடும், கோடு கோணும். ஆட்டம் முடிந்ததும் மேட்டைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடியில் வியர்வை ஈரம் அடைபட்டு மரத்தில் கட்டம் கட்டமாகக் கறை பிடிக்கும்.

சிலம்பம் பற்றி ஒரு வரி: கம்பு நுனிக்கு ரப்பர் மூடி போடாமல் அனுமதிக்க மாட்டார்கள், அது நியாயம்.

இனி கச்சேரி.

கம்பன் விழாவை 1939 முதல் நடத்திவரும் ஊர் காரைக்குடி. வீணையில் 'காரைக்குடி சகோதரர்கள்' என்று சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் பெயரோடு ஊர்ப்பெயரையும் நாடறியச் செய்த மண். கேட்கத் தெரிந்த காதுகள் இங்கே அதிகம். அந்தக் காதுகளை இந்தத் தகரக் கூரையின் கீழ் உட்காரவைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும்.

ஒலி நின்ற பிறகும் அரங்கில் எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கொடுத்த எளிய வாய்ப்பாடு உண்டு: அரங்கின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுக்கவேண்டும். இந்த அரங்கின் சராசரி உயரத்தை 11.5 மீட்டர் என்று வைத்தால் கன அளவு சுமார் 15,500 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 4,400 சதுர மீட்டர். சிமென்ட் பூச்சும் தகரமும் வார்னிஷ் மரமும் ஒலியில் நூற்றுக்கு எட்டுப் பங்கை உறிஞ்சும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் 350 சதுர மீட்டர் கிடைக்கும். விடை 7 விநாடி. காலி அரங்கில் கைதட்டிப் பாருங்கள், கணக்கு பொய்யில்லை என்று தெரியும்.

ஆட்கள் உட்கார்ந்தால் குறையும். உடுத்திய துணியோடு ஒரு ஆள் அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உறிஞ்சுவார். 1,000 பேர் வந்தால் 7 விநாடி 3 விநாடிக்கு இறங்கும். 300 பேர்தான் வந்தார்கள் என்றால் 5-லேயே நிற்கும். பேச்சு புரிய ஒரு விநாடி அளவு நல்லது, மெல்லிசைக்கு ஒன்றரை வரை தாங்கும். மூன்று விநாடியில் மிருதங்கத்தின் வேகச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெறும் உருட்டலாகும். நாதஸ்வரம் மட்டும் இந்தக் கூரையோடு மல்லுக்கு நின்று ஜெயிக்கும். பட்டமளிப்பு உரை கடைசி வரிசைக்குப் புரிவதே இல்லை. அங்கே யாரும் புகார் செய்யாததற்குக் காரணம், கடைசி வரிசையில் யாரும் உரை கேட்க உட்காரவில்லை என்பதுதான்.

நிரந்தரத் தீர்வு கூரைக்குக் கீழே ஒலியுறிஞ்சும் தகடுகளைச் செங்குத்தாகத் தொங்கவிடுவது. 500 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சல் கூடினால், 1,000 பேர் உள்ள அரங்கம் 2 விநாடிக்குக் கீழே வந்துவிடும். ஷட்டில் படும் உயரத்துக்கு மேலே மாட்டினால் விளையாட்டுக்கும் இடைஞ்சல் இல்லை. மாணவர்கள் கத்தும்போது எழும் இரைச்சலும் குறையும். பல்கலைக்கழகம் செய்யவேண்டிய முதல் வேலை இது. விசிறியைவிட முக்கியம்.

அதுவரை வாடகைக்கு எடுப்பவர் செய்யக்கூடியது என்ன? கனத்த வெல்வெட் திரையை இரட்டை மடிப்பாகச் சுருக்கி மேடைக்குப் பின்னாலும் எதிர்ச் சுவரிலும் 200 சதுர மீட்டர் தொங்கவிட்டால் 100 சதுர மீட்டர் உறிஞ்சல் கூடும். 1,000 பேர் உள்ளபோது 3.1 விநாடி 2.8 ஆகும். எண்ணாகப் பார்த்தால் அற்பம். எதிர்ச் சுவரில் பட்டு மேடைக்குத் திரும்பி வரும் எதிரொலி அடங்குவதால் பாடுபவருக்குத் தாளம் தப்பாது. செலவுக்கு ஈடான பலன் அங்கேதான் இருக்கிறது. சாதாரணப் பந்தல் துணியால் ஒன்றும் நடக்காது.

அதைவிடப் பெரிய மாற்றம் மேடையை எங்கே போடுவது என்பதில். பந்தல்காரரிடம் விட்டால் கண்ணை மூடிக்கொண்டு குறுகிய சுவரோரம் போடுவார். அப்போது கடைசி ஆள் 35 மீட்டர் தள்ளி இருப்பார். இந்த அரங்கில், நல்ல ஸ்பீக்கர் வைத்தாலும் 12, 13 மீட்டருக்கு அப்பால் நேர் ஒலியைவிடச் சுற்றும் ஒலி மேலோங்கிவிடும். கூட்டம் குறைந்தால் 10 மீட்டரிலேயே. 400 பேருக்கான கர்நாடக இசை என்றால் நீண்ட சுவரின் நடுவில் தாழ்ந்த மேடை போட்டு, நாற்காலிகளை அரைவட்டமாக 12 மீட்டருக்குள் அடக்குங்கள். மீதித் தரை காலியாகக் கிடக்கட்டும். பார்க்கக் கொஞ்சம் அநாதையாகத் தெரியும், கேட்க நன்றாக இருக்கும்.

மெல்லிசைக்குக் கூட்டம் வேண்டும், குறுகிய சுவரைத் தவிர்க்க முடியாது. அப்படியென்றால் மேடையிலிருந்து 24 மீட்டரில் இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர் வையுங்கள், அதற்குத் தாமதம் கொடுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் போகும். 24 மீட்டருக்கு 69 மில்லி விநாடி. அதோடு பத்துக் கூட்டி 79-இல் வைத்தால், காது ஒலி மேடையிலிருந்தே வருவதாக எடுத்துக்கொள்ளும். தாமதம் கொடுக்காமல் வெறுமனே இணைத்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். மைக்செட்காரர் 'சவுண்டை ஏத்திட்டா சரியாப் போயிரும்ணே' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த அரங்கில் ஏற்ற ஏற்றக் குழப்பம்தான் ஏறும். ஸ்பீக்கர்களைக் கூரையைப் பார்க்காமல் தலைகளைப் பார்த்துச் சாய்ப்பதும், கீழ்ச்சுருதியில் 100 ஹெர்ட்ஸுக்கு அடியில் பாடுபவர் மைக்குகளை வெட்டிவிடுவதும் ஏற்றுவதைவிடப் பலன் தரும்.

வீணைக் கச்சேரி வைப்பவர்களுக்குத் தனியாக. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதித்தவை. மேடை விளக்கின் சூடும் கூரையின் சூடும் சேர்ந்தால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி கெடும். ஸ்பாட் விளக்கு எல்.இ.டி.யாக, தள்ளி இருக்கட்டும். மதிய ஒத்திகை வேண்டாம். தண்ணீர் நிரப்பும் ஏர்கூலரை மேடையோரம் வைத்தால் ஈரத்தில் மிருதங்கத்தின் தோல் தளரும், தரை மரமும் குடிக்கும், இரண்டுக்கும் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் தேதி குறிப்பதும் உசிதமில்லை. தகரத்தில் மழை பிடித்துவிட்டால் அன்றைக்குத் தனி ஆவர்த்தனம் கூரைக்குத்தான்.

மரத் தரையில் மேடை ஏற்றுவது இன்னொரு கலை. அரங்கத்தில் கொடுப்பது பழைய கம்பளங்கள் சில. முழுத் தரைக்கும் விரிப்பு நீங்கள்தான் கொண்டுவரவேண்டும். 2 மீட்டர் அகல பி.வி.சி. சுருளைக் குறுக்கே 30 மீட்டர் நீளத்துக்கு விரித்து, 10 சென்டிமீட்டர் மேலடுக்கு விட்டால் 24 சுருள் ஆகும். எட்டு ஆள், மூன்று மணி நேரம். இணைப்பில் துணி டேப் ஒட்டுங்கள், அதுவும் விரிப்புக்கு விரிப்பு. மரத்தில் எந்த டேப்பும் படக்கூடாது. பிரௌன் டேப்பை உரித்தால் வார்னிஷும் கூடவே வரும்.

மேடைக் குழாய்க் காலின் அடி 20 சதுர சென்டிமீட்டர் என்றும், அதில் 300 கிலோ இறங்குகிறதென்றும் வையுங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோ. பலகையில் குழி விழும். காலுக்கடியில் 30-க்கு 30 சென்டிமீட்டரில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் வைத்தால் அது மூன்றில் ஒரு கிலோவாகும். செங்கல் முட்டுக் கொடுப்பது வழக்கம். இங்கே வேண்டாம், செங்கல் பொடிந்து அதே செம்மண் கதைதான். டிராலிச் சக்கரம் அகலமான ரப்பராக இருக்கட்டும். விளக்கையும் ஸ்பீக்கரையும் கூரை டிரஸ்ஸில் கட்டித் தொங்கவிடக் கேட்டால் மறுத்துவிடுகிறார்கள், சரியான மறுப்பு. அந்த டிரஸ் தகரத்தையும் காற்றையும் தாங்கக் கணக்கிட்டது. தொங்கும் ஸ்பீக்கர் வரிசைக்கு அல்ல. தரையில் நிற்கும் கோபுரமே வழி.

அமெரிக்கப் பல்கலைக்கழக அரங்குகள் பலவற்றில் கூடைப்பந்துத் தரையையே 4 அடிக்கு 8 அடிப் பலகைகளாகப் பிரித்து அடுக்கிவிட்டு, கச்சேரிக்கு அடியில் உள்ள கான்கிரீட்டைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஒரே இரவில் அரங்கம் மாறுவதற்கு அதுதான் காரணம். இங்கே தரை நிரந்தரம். ஆகவே வாடகையில் எத்தனை மணி நேரம் அடங்கும் என்று கேட்பதைவிட, முதல் நாள் இரவு எத்தனை மணிக்குத் தரையைக் கையில் தருவார்கள் என்று கேளுங்கள். காலை 9 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு நிகழ்ச்சி என்றால் விரிப்பு, மேடை, ஒலி, விளக்கு, நாற்காலி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். பலியாவது ஒலிச் சோதனை.

மின்சாரம். 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் ஒரு ஃபேஸுக்கு 174 ஆம்பியர்தான். மொத்தச் சுமை குறைவாக இருந்தும், எல்லா விளக்கையும் ஒரே ஃபேஸில் கொடுத்துவிட்டால் அந்த ஒன்று மட்டும் திணறி பிரேக்கர் விழும். ஒலிக்கருவிகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து தனி வயரில் மின்சாரம் எடுக்கட்டும். விளக்கு டிம்மரோடு கலந்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓடும். நியூட்ரல் இணைப்பை மட்டும் இருமுறை முறுக்கிப் பாருங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால் சுமை குறைவான ஃபேஸில் 230 இருக்கவேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கும். மிக்ஸரும் கீபோர்டும் சேர்ந்து போகும்.

எத்தனை டிக்கெட் விற்கலாம்? தரைக் கணக்கு ஒன்று, கதவுக் கணக்கு ஒன்று. மேடை, பின்புறம், ஒலிமேசை போக 1,000 சதுர மீட்டர் மிஞ்சுகிறது. தேசியக் கட்டட விதித் தொகுப்பு இருக்கை உள்ள கூட்டத்துக்கு ஆளுக்கு 0.6 சதுர மீட்டர் கணக்கிடுகிறது. 1,660 பேர் வருகிறது. அதே தொகுப்பு சமதள வழிக்கு ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர் கதவு அகலம் கேட்கிறது. 2 மீட்டர் கதவு ஒன்றுக்கு 307 பேர். இங்கே நாலு கதவு, 1,230 பேர். குறுகிய சுவரில் மேடை போட்டால் ஒரு கதவு திரைக்குப் பின்னால் போய்விடும். மிஞ்சுவது மூன்று, 920 பேர். ஆக 900-க்கு மேல் விற்காதீர்கள், தரை எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும். கதவுகளின் தாழ்ப்பாளையும் பாருங்கள்: ஓசிக்கூட்டம் ஏறிவிடும் என்று வெளிப்பக்கம் பூட்டுகிற பழக்கம் இருக்கிறது. நிகழ்ச்சி நேரத்தில் நாலு கதவும் உள்ளிருந்து தள்ளினால் திறக்கவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை நாலு நாலாகக் கட்டிவிட்டால் நெரிசலில் கவிழ்ந்து காலில் சிக்காது. காலுக்கு ரப்பர் குப்பி இல்லாத நாற்காலியை விரிப்பு மேலும் போடவேண்டாம்.

இரவு 10 மணிக்கு முடித்துவிடுங்கள். மூடிய அரங்குக்கு விதிவிலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது ஒலி உள்ளேயே அடங்கும் அரங்குக்கு. சாய்தகடு ஜன்னலும் சுழல் போக்கியும் உள்ள கூரை எதையும் அடக்காது. கல்வி நிலையத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாகக் கொள்ளத்தக்கது, விடுதி மாணவர்களுக்குத் தேர்வு வேறு இருக்கும்.

கழிப்பறை ஆண்களுக்குப் போதும், பெண்களுக்குப் போதாது. இடைவேளை 20 நிமிடம் என்று அறிவித்துவிட்டு 35 ஒதுக்குங்கள். வண்டி நிறுத்த இடம் தாராளம். கேலரிப் படிகளின் உயரம் பெரியவர்களுக்குச் சிரமம், அவர்களைத் தரையிலேயே உட்காரவையுங்கள்.

சாப்பாடு உள்ளே கூடாது. இது செட்டிநாடு, விருந்தில்லாமல் விழாவா என்று கேட்பீர்கள். பந்தியை வெளியே பந்தல் போட்டு வையுங்கள். இலை தெளித்த தண்ணீரும் குழம்பு எண்ணெயும் மரத்தில் இறங்கினால் மறுநாள் ஷட்டில் ஆடுகிறவன் வழுக்கி விழுவான், கறைக்கான தொகை உங்கள் வைப்புத்தொகையில் பிடிபடும்.

வைப்புத்தொகை என்றதும் ஒன்று. தரையை வாங்கும்போதே காவலரை அருகில் வைத்துக்கொண்டு நாலு மூலையும் நடுவும் படம் எடுங்கள், வடக்கு வாசல் எதிரே குழிந்த பலகைகளை நெருக்கத்தில் எடுங்கள். மின்மீட்டர் எண்ணையும் ஜெனரேட்டரின் டீசல் அளவையும் அதே நேரத்தில் படம் பிடித்து, அங்கேயே இருவர் கையெழுத்தோடு தாளில் குறியுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது விரிப்பைச் சுருட்டிய பிறகுதான் தரையைப் பார்க்கச் சொல்லவேண்டும், விரிப்போடு ஒப்படைக்காதீர்கள்.